நிற்காத புரொப்பெல்லர்

பழைய பிஸ்டன் விமானம் ஒன்று விபத்துக்குள்ளானால் மறுநாள் செய்தியில் "இன்ஜின் கோளாறு" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். விசாரணை அறிக்கை வெளிவருவதற்குள் எல்லாரும் அதை மறந்திருப்பார்கள். அறிக்கைகளைத் தேடிப் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கும். இன்ஜின் பழுதானது உண்மைதான். ஆனால் விமானத்தைக் கீழே இழுத்தது, பல சமயம், அந்தச் செத்துப்போன இன்ஜினுக்கு முன்னால் விடாமல் சுற்றிக்கொண்டிருந்த புரொப்பெல்லர்.

டகோடாவை, அதாவது டிசி-3 விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1935 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. இரண்டு இன்ஜினில் ஒன்று நின்றுபோகும் என்பதை எதிர்பார்த்தே வடிவமைத்தார்கள். நின்ற பக்கத்துப் புரொப்பெல்லரின் பிளேடுகளைக் காற்றோட்டத்துக்கு நேராகத் திருப்பி, அசையாமல் நிறுத்திவிட்டால் (இதைத்தான் ஃபெதர் செய்வது என்கிறோம்) மிச்சமிருக்கும் ஒரு இன்ஜினில் விமானம் மெல்ல ஏறும், குறைந்தபட்சம் உயரத்தை விடாது. ஃபெதர் ஆகவில்லை என்றால் கணக்கே மாறிவிடும். பதினொன்றரை அடி விட்டமுள்ள அந்தப் புரொப்பெல்லர், அகலமான பலகை ஒன்றைக் காற்றுக்கு எதிரே பிடித்தது போல, இறக்கையின் ஒரு பக்கத்தை மட்டும் பின்னால் இழுக்கும். அதைச் சுற்றவைக்கும் சக்தி விமானத்தின் வேகத்திலிருந்துதான் போகிறது. வேகம் குறைந்தால் ரட்டரின் (விமானத்தை இடவலமாகத் திருப்பும் வால் பலகை) பிடி குறையும். பிடி குறைந்தால் விமானம் அந்தப் பக்கமாகவே திரும்பிக் கவிழும்.

1996 செப்டம்பர் 25 அன்று நெதர்லாந்தின் டெக்ஸல் தீவிலிருந்து கிளம்பிய டகோடா இப்படித்தான் வாடன் கடலில் விழுந்தது. இடது இன்ஜின் செயலிழந்தது, அதன் ஃபெதர் அமைப்பும் ஒத்துழைக்கவில்லை, வேகம் போய்க் கட்டுப்பாடும் போனது. விமானத்தில் இருந்த 32 பேரும் இறந்தார்கள். 2013 ஆகஸ்ட் 19 அன்று கனடாவின் யெல்லோநைஃப் நகரில் கிளம்பிய இன்னொரு டகோடாவில் வலது இன்ஜின் தீப்பிடித்தது. அங்கேயும் புரொப்பெல்லர் முழுதாக ஃபெதர் ஆகவில்லை. மரங்களை உரசிக்கொண்டு ரன்வேக்கு முன்பே வயிற்றுப் பகுதியால் தரையிறங்கியது. 24 பேரும் உயிர் பிழைத்தார்கள், யாருக்கும் பெரிய காயம் இல்லை. முடிவு வேறு வேறு. கதை ஒன்றுதான். பிழைத்த பக்கம் விமானம் கட்டுப்பாட்டை இழக்காமல் தரையைத் தொட்டது.

என் கருத்து இதுதான்: பழைய விமானங்களில் இன்ஜினுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட நாம் ஃபெதர் அமைப்புக்குக் கொடுப்பதில்லை. சிலிண்டர் மாற்றியது, மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவி) மாற்றியது, கார்புரேட்டர் பிரித்தது எல்லாம் ஆர்வத்தோடு பேசப்படும். ஒரு மூலையில் கிடக்கும், ஃபெதர் செய்ய உதவும் அந்தச் சின்ன மின்சாரப் பம்பைப் பற்றிப் பேச ஆள் கிடையாது.

ஆயில் போனால் பிளேடு எந்தப் பக்கம் திரும்பும்

பழைய விமானத்தில் ஏறும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது. விடை எல்லா விமானத்துக்கும் ஒன்றல்ல.

சுற்றும் பிளேடுக்கு ஒரு குணம் உண்டு. மையவிலக்கு விசை அதைத் தட்டையான கோணத்துக்கு, அதாவது ஃபைன் பிட்சுக்குத் திருப்பப் பார்க்கும். டகோடாவில் இருக்கும் ஹாமில்டன் ஸ்டாண்டர்டு ஹைட்ரோமேட்டிக் புரொப்பெல்லரில் இந்த விசையும், சாதாரண இன்ஜின் ஆயில் பிரஷரும் சேர்ந்து பிளேடை ஃபைன் பக்கம் தள்ளும். கவர்னர் (சுற்றைச் சீராக வைக்கும் கருவி) தரும் கூடுதல் பிரஷர்தான் புரொப்பெல்லரின் முன்பக்கத்து டோமுக்குள் இருக்கும் பிஸ்டனை எதிர்ப்பக்கம் தள்ளி, பிளேடைக் கோர்ஸ் பக்கம், அதாவது காற்றோட்டத்துக்கு நேராகும் கோணத்தை நோக்கி, கொண்டுபோகும். உள்ளே ஸ்பிரிங் கிடையாது, எடைக்கட்டியும் கிடையாது. ஆகவே கவர்னர் ஆயில் வரவில்லை என்றால் பிளேடு தானாகவே ஃபைன் முனைக்கு ஓடிவிடும். சுற்று எகிறும். இழுவை உச்சத்துக்குப் போகும். வேண்டாத நேரத்தில் வேண்டாத பக்கம்.

ஹார்வர்டு பயிற்சி விமானத்தில் இருக்கும் பழைய வகை இதற்கு நேர்மாறு. அதில் பிளேடின் அடியில் வெளியே தெரியும் எடைக்கட்டிகள் பிளேடைக் கோர்ஸ் பக்கம் இழுக்கும், ஆயில் பிரஷர் ஃபைன் பக்கம் தள்ளும். ஆயில் போனால் பிளேடு தானாகக் கோர்ஸுக்குப் போய்விடும், கிளைடு சற்று நீளும். ஒற்றை இன்ஜின் விமானம் அது, ஃபெதர் வசதி கிடையாது. இன்ஜின் நின்றதும் புரொப்பெல்லர் லீவரை முழுக்கப் பின்னுக்கு இழுக்கச் சொல்வது இதனால்தான். அப்படிச் செய்தால் தரையில் போய்ச் சேரக்கூடிய வயல்களின் எண்ணிக்கை கூடும். பதற்றத்தில் பலரும் மறக்கும் ஒரு இழுப்பு அது.

ஹைட்ரோமேட்டிக்கை ஃபெதர் செய்ய இன்ஜினின் சொந்த பிரஷர் போதாது. இன்ஜினே சாகும்போது அதன் பம்பை நம்ப முடியாது அல்லவா? அதனால் தனியாக ஒரு மின்சாரப் பம்ப். அதற்கென்று ஆயில் டாங்கின் அடியில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். இன்ஜினுக்கு ஆயில் போகும் குழாயின் வாய் டாங்குக்குள் சற்று உயரத்தில் நிற்கும், பம்புக்குப் போகும் வழி அடிமட்டத்தில் இருக்கும். இன்ஜின் எல்லா ஆயிலையும் கக்கித் தீர்த்தாலும் அடியில் இருப்பது மிஞ்சும். காக்பிட்டில் சிவப்பு பட்டனை அழுத்தினால் ஒரு சோலினாய்டு (மின்காந்தம்) அதை உள்ளேயே பிடித்துக்கொள்ளும், பம்ப் ஓடும், பிளேடுகள் 88 டிகிரி வரை திரும்பி முட்டி நிற்கும். அங்கே பிரஷர் சட்டென்று ஏறும், ஒரு சுவிட்ச் அதை உணர்ந்து பட்டனை விடுவிக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த சுவிட்ச் வேலை செய்யாமல் பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டால் பம்ப் நிற்காது. பிரஷர் மேலும் ஏறி டோமுக்குள் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வால்வை நகர்த்திவிடும். அதன் பிறகு அதே ஆயில் பிஸ்டனை எதிர்ப்பக்கம் தள்ளும். நின்ற புரொப்பெல்லர் மறுபடி மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். வானில் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டுமென்றால் பட்டனைக் கையால் அழுத்திப் பிடித்து இதே வழியைத்தான் பயன்படுத்துகிறோம். ஆக, பட்டனை அழுத்தியதோடு வேலை முடியவில்லை. கண் புரொப்பெல்லரின் மேல் இருக்க வேண்டும். பிளேடு நின்றதும் பட்டன் வெளியே வரவில்லை என்றால் விரலால் பிடித்து இழுத்துவிட வேண்டும்.

முள்ளை நம்பாதே, காலை நம்பு

இரண்டு இன்ஜினில் எது செத்தது என்று கண்டுபிடிப்பது சுலபம் என்று தரையில் இருப்பவர்கள் நினைப்பார்கள். காக்பிட்டில் இருக்கும் மீட்டர்கள் அதற்கு ஒத்துழைக்காது. இன்ஜின் பவர் போனதும் சுற்று குறையத் தொடங்கும். கவர்னர் அதை உணர்ந்து பிளேடைத் தட்டையாக்கும். காற்றே புரொப்பெல்லரைச் சுற்றும். ஆர்பிஎம் முள் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். மேனிஃபோல்டு பிரஷரும் (சிலிண்டர்களுக்குப் போகும் காற்றின் அழுத்தம்) அப்படித்தான், இன்ஜின் சுற்றிக்கொண்டிருப்பதால் த்ராட்டில் (பவரைக் கூட்டிக் குறைக்கும் லீவர்) இருக்கும் நிலைக்கு ஏற்ற எண்ணையே காட்டும். இன்ஜின் முழுதாகவே நின்றுவிட்டாலும் அந்த முள் வெளிக்காற்றின் அழுத்தத்தை, கடல்மட்டத்தில் ஏறக்குறைய 30 அங்குலத்தை, காட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் நல்ல பவர் போலத் தெரியும். சிலிண்டர் ஹெட் வெப்பநிலை குறையும், ஆனால் அது நிதானமாகக் குறையும். காத்திருக்க நேரம் இல்லை.

நேராகப் பறக்க எந்தக் கால் ரட்டரை அழுத்துகிறதோ அந்தப் பக்கத்து இன்ஜின் உயிரோடு இருக்கிறது. சும்மா கிடக்கும் காலின் பக்கம் செத்த இன்ஜின். பிழைக்காத சோதனை இதுதான். இதற்கு முதலில் விமானத்தை நேராகப் பிடிக்க வேண்டும், அதனால்தான் வரிசையில் கட்டுப்பாடு முதலில் வருகிறது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்று. டகோடாவுக்கு 84 நாட் (மணிக்கு 84 கடல்மைல்) வேகத்துக்குக் கீழே போக விடாதே. உயிருள்ள பக்கம் சில டிகிரி மட்டும் சாய்த்துக்கொள், ஐந்துக்கு மேல் வேண்டாம். பிறகு இரண்டு மிக்ஸ்சர் லீவர் (எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்துவது), இரண்டு புரொப்பெல்லர் லீவர், இரண்டு த்ராட்டில் எல்லாவற்றையும் முன்னே தள்ளு. எது செத்தது என்று இன்னும் முடிவு செய்யாத நிலையில் இரண்டையும் சேர்த்துத் தள்ளுவதில் நஷ்டம் இல்லை. சக்கரத்தை ஏற்று. ஃபிளாப் இருந்தால் படிப்படியாக ஏற்று.

அதற்கப்புறம்தான் சந்தேகப்படும் இன்ஜினின் த்ராட்டிலை மெதுவாகப் பின்னுக்கு இழுப்பது. விமானம் எந்தப் பக்கமும் திரும்பவில்லை, காலில் பாரம் மாறவில்லை என்றால் சரியான இன்ஜினைத்தான் பிடித்திருக்கிறோம். திடீரென்று மூக்கு அலைந்தால் அது வேலை செய்துகொண்டிருந்த இன்ஜின், த்ராட்டிலை உடனே திரும்பத் தள்ள வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு இரண்டு விநாடி ஆகும். அந்த இரண்டு விநாடியைச் சேமிக்கப் பார்த்து நல்ல இன்ஜினை ஃபெதர் செய்தால் என்ன மிச்சம் இருக்கும்? உறுதியானதும் பட்டனை அழுத்து, மிக்ஸ்சரை அணை, எரிபொருளை மூடு, கௌல் ஃபிளாப்பை (இன்ஜினைக் குளிர்விக்கும் காற்றுக்கான கதவு) சாத்து. தீ இருந்தால் எரிபொருளையும் ஆயிலையும் நிறுத்தி, புரொப்பெல்லர் நின்ற பிறகு தீயணைப்பு பாட்டிலை விடு. எண்ணெய் பாய்ந்துகொண்டிருக்கும்போது விட்டால் தீ அணைந்து மறுபடி பற்றும், அடுத்த பாட்டில் இருக்காது.

உயிரோடு இருக்கும் இன்ஜினை மறந்துவிடக் கூடாது. டகோடாவின் ஆர்-1830 இன்ஜினின் டேக்ஆஃப் பவர் 1200 குதிரைசக்தி, நிமிடத்துக்கு 2700 சுற்று, மேனிஃபோல்டு பிரஷர் 48 அங்குலம். அது சில நிமிடங்களுக்கு மட்டுமே. பாதுகாப்பான உயரம் கிடைத்ததும் தொடர்ந்து ஓட்டக்கூடிய அளவுக்கு, 2550 சுற்றுக்கு, இறக்கிவிட வேண்டும். இரண்டு இன்ஜின் செய்த வேலையை ஒன்று செய்கிறது என்ற பரிவு அதற்குக் காட்டப்பட வேண்டும்.

1956 அக்டோபர், பசிபிக்கின் நடுவே

புரொப்பெல்லரைப் பற்றிய என் எண்ணத்தை மாற்றியது பான் அமெரிக்கன் நிறுவனத்தின் 6-ஆம் எண் விமானத்தின் அறிக்கை. போயிங் 377 ஸ்ட்ராட்டோகுரூசர், பெயர் 'சாவரின் ஆஃப் த ஸ்கைஸ்'. 1956 அக்டோபர் 15 இரவு ஹொனலுலுவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பியது. 24 பயணிகள், 7 பணியாளர்கள். கேப்டன் ரிச்சர்டு ஆக். நான்கு இன்ஜின், ஒவ்வொன்றும் 28 சிலிண்டர் கொண்ட ஆர்-4360. பிஸ்டன் இன்ஜின் எட்டிய உச்சம் அது.

பாதி வழியைத் தாண்டி 21,000 அடிக்கு ஏறி முடித்து, பவரைக் குறைத்த வேளையில் இடது ஓர இன்ஜினின் புரொப்பெல்லர் கட்டுப்பாட்டை மீறிச் சுற்ற ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினார்கள், ஃபெதர் ஆகவில்லை. இன்ஜின் செத்த நிலையைவிட இது மோசம். சுற்று கூடினால் பிளேடைப் பிடுங்கப் பார்க்கும் விசை அதன் வர்க்கத்தில் கூடும். 2700-ல் ஓட வேண்டிய இன்ஜின் 3000-ஐத் தொட்டால் சுற்று 11 சதவீதம்தான் கூடியிருக்கிறது, விசையோ 23 சதவீதம் கூடியிருக்கும். பிளேடு பிய்ந்தால் எந்தத் திசையில் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. 1952 ஏப்ரலில் இதே ரக விமானம் ஒன்று பிளேடு முறிந்து, இன்ஜின் பிய்ந்து, பிரேசில் காட்டில் சிதறியது.

பிளேடு ஃபைன் முனையில் மாட்டிக்கொண்டால் சுற்றைத் தீர்மானிப்பது விமானத்தின் உண்மை வேகம் மட்டுமே. ஆகவே செய்ய வேண்டியது: த்ராட்டிலை மூடு, மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறை, கீழே இறங்கு. இறங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 21,000 அடியில் காற்று மெல்லியது. மீட்டர் 150 நாட் காட்டினால் உண்மை வேகம் 210 நாட் அளவில் இருக்கும். கீழே வர வர இரண்டும் நெருங்கும், அதே மீட்டர் வேகத்தில் புரொப்பெல்லரின் சுற்று தணியும். ஆனால் இறங்கும்போது மூக்கைக் கவிழ்த்தால் வேகம் கூடிவிடும், மெதுவாகவே இறங்க வேண்டும். ஃபெதர் பம்ப் கொஞ்சமாவது உதவினால் பட்டனை விட்டுவிட்டு அழுத்திச் சுற்றை அடக்கிப் பார்க்கலாம்.

ஆக்கின் குழுவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் கடைசி ஆயுதத்தை எடுத்தார்கள். அந்த இன்ஜினுக்குப் போகும் ஆயிலை அடைத்தார்கள். ஆயில் இல்லாமல் உராய்ந்து இன்ஜின் இறுகிவிடும், இறுகினால் புரொப்பெல்லரும் நின்றுவிடும் என்பது கணக்கு. பலத்த சத்தத்தோடு இன்ஜின் இறுகத்தான் செய்தது. புரொப்பெல்லர் நிற்கவில்லை. இன்ஜினோடு இருந்த பிணைப்பு அறுந்து, தன்போக்கில் சுற்றிக்கொண்டே இருந்தது.

இந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். இன்ஜின் நின்றுவிட்டது. இனி அதில் கெட்டுப்போக எதுவும் இல்லை. ஆனாலும் ஆபத்து அப்படியே இருக்கிறது. இன்ஜினும் புரொப்பெல்லரும் ஒரே பொருள் என்று நினைத்துத்தான் நாம் பேசுகிறோம், பயிற்சியும் தருகிறோம். அன்றிரவு அவை இரண்டும் தனித்தனிப் பொருள்கள் என்று கண்முன் பிரிந்து காட்டின. இன்ஜினுக்கு வைத்தியம் முடிந்த பிறகும் புரொப்பெல்லருக்கு வைத்தியம் தொடங்கவே இல்லை.

அந்த இழுவையோடு நிமிடத்துக்கு ஆயிரம் அடி வீதம் உயரம் போனது. மற்ற மூன்று இன்ஜினிலும் பவரைக் கூட்டினார்கள். வலது ஓர இன்ஜின் தடுமாற ஆரம்பித்தது, பிறகு பவர் முழுதாகப் போனது. அதை ஃபெதர் செய்தார்கள், அது ஒழுங்காக நின்றது. ஒரே விமானத்தில், ஒரே இரவில், ஒரு பக்கம் அடங்கிய புரொப்பெல்லர், மறுபக்கம் அடங்காதது. உள்பக்கத்து இரண்டு இன்ஜினில் 2,000 அடியில் தாக்குப்பிடித்தார்கள். அந்த வேகத்தில் ஹொனலுலுவும் எட்டாது, சான்பிரான்சிஸ்கோவும் எட்டாது.

நல்லவேளை, நடுவழியில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் பான்சர்ட்ரெய்ன் கப்பல் வானிலைப் பணியில் நின்றது. அதைச் சுற்றி வட்டமடித்தார்கள். இருட்டில் கடலில் இறக்க ஆக் அவசரப்படவில்லை. விடியும் வரை எரிபொருளை எரித்துத் தீர்த்தார். எடை குறையக் குறைய விமானம் 5,000 அடி வரை ஏற முடிந்தது. அங்கே ஃபிளாப் இறக்கி, எவ்வளவு மெதுவாகப் பறந்தால் கட்டுப்பாடு இருக்கிறது என்று ஒத்திகை பார்த்தார். அதற்கு முந்தைய வருடம் மார்ச்சில் ஓரிகன் கடலில் இறங்கிய இன்னொரு ஸ்ட்ராட்டோகுரூசரின் வால் பகுதி முறிந்தது அவர் நினைவில் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பயணிகளை முன்பக்கம் மாற்றச் சொன்னார். உயரத்தை மதிப்பிட உதவியாகக் கப்பல் கடல்மேல் நுரையால் ஒரு பாதை போட்டது. காலை 6:15-க்கு, சக்கரம் உள்ளே, ஃபிளாப் முழுதும் கீழே, சுமார் 90 நாட்டில் தண்ணீரைத் தொட்டது. வால் முறிந்தது. 31 பேரும் மிதவைகளில் ஏறிப் பிழைத்தார்கள். விமானம் இருபது நிமிடத்தில் மூழ்கியது, பழுதான புரொப்பெல்லரும் அதோடு கடலடிக்குப் போனது. எந்த உறுப்பு உடைந்து ஃபெதரைத் தடுத்தது என்பதற்குச் சாட்சி அங்கேதான் கிடக்கிறது.

ஆக்கின் திறமையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், அந்தப் புகழ் அவருக்குத் தகும். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வாங்கிய நேரம். நான்கு இன்ஜின் இருந்ததால் நேரம் கிடைத்தது. டகோடாவில், 200 அடி உயரத்தில், அது கிடைக்காது.

இன்ஜின் ஏன் அந்த நிலைக்கு வருகிறது

ஃபெதர் பட்டனைத் தொடும் நிலை வராமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேர்ந்ததுதான். ரேடியல் இன்ஜினின் (சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த இந்த வகை) அடிப்பக்கத்துச் சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. நிறுத்தி வைத்திருக்கும்போது ஆயில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி அவற்றுக்குள் வடியும். ஆயிலை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட்டரைப் போட்டால் கனெக்டிங் ராடு வளையும். அன்றைக்கு ஒடியாது, சில மணி நேரம் பறந்த பிறகு ஒடியும். அதனால் ஸ்டார்ட் செய்யுமுன் சுவிட்சுகள் அணைந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டுப் புரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். ஆர்-1830-ல் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) 16 சுற்றுக்குப் புரொப்பெல்லர் 9 சுற்று. எல்லாச் சிலிண்டரும் ஒரு முறை அமுக்கி முடிக்கக் கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும், மூன்று பிளேடு புரொப்பெல்லரில் அது மூன்றரை பிளேடுக்குச் சற்றுக் குறைவு. நான்கு பிளேடு என்பது அடிமட்டம், அதைப் போல இரண்டு மடங்காவது இழுப்பது நல்லது. நடுவில் கல்லில் முட்டியது போல நின்றால் பலம் போட்டுத் தள்ளக் கூடாது. பின்னோக்கிச் சுற்றவும் கூடாது. பின்னோக்கிச் சுற்றினால் ஆயில் இன்டேக் குழாய்க்குள் ஏறிக்கொள்ளும், இன்ஜின் கிளம்பியதும் திரும்பி வந்து அதே வேலையைச் செய்யும். அடிச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடிப்பது ஒன்றுதான் வழி.

இன்னொன்று, இறங்கும்போது நடக்கும் தவறு. த்ராட்டிலை மூடிவிட்டு வேகமாக இறங்கினால் காற்று புரொப்பெல்லரைச் சுற்ற, புரொப்பெல்லர் இன்ஜினைச் சுற்றும். ஒரு வரிசைச் சிலிண்டர்கள் எல்லாம் கிராங்கோடு சேரும் ஒரே மாஸ்டர் ராடில் தொங்குகின்றன. சிலிண்டரில் எரியும் வாயுவின் அழுத்தம் இல்லாதபோது பிஸ்டன்களின் வீச்சு முழுவதும் அந்த ஒரு பேரிங்கின் மேல் விழும். 100 சுற்றுக்கு ஒரு அங்குலமாவது மேனிஃபோல்டு பிரஷர் இருக்கட்டும் என்பது பழையவர்களின் கணக்கு. 2000 சுற்று என்றால் 20 அங்குலத்துக்குக் கீழே போகாதே.

மேக்னெட்டோவைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். 2019 அக்டோபர் 2 அன்று கனெக்டிகட்டின் பிராட்லி விமான நிலையத்தில் நொறுங்கிய 'நைன்-ஓ-நைன்' என்ற பி-17 விமானத்தின் 4-ஆம் இன்ஜினில் ஒரு மேக்னெட்டோ முழுக்கச் செயலற்றிருந்தது, இன்னொன்றில் சில சிலிண்டர்களுக்கு நல்ல பொறி போகவில்லை. 3-ஆம் இன்ஜினின் ஸ்பார்க் பிளக்குகளில் இடைவெளி அளவு மீறியிருந்தது. அந்த நிலையில் சக்கரத்தை முன்கூட்டியே இறக்கியதும் வேகத்தைத் தின்றது. 13 பேரில் 7 பேர் இறந்தார்கள். ஒரு மேக்னெட்டோவை அணைத்தால் சுற்று 100-க்கு மேல் விழக் கூடாது என்பது ரன்-அப்பில் (கிளம்புமுன் தரையில் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது) எல்லாரும் பார்க்கும் சோதனை. "கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும்" என்று கிளம்புவதற்காக அந்தச் சோதனை இல்லை.

அந்தச் சின்னப் பம்ப்

யெல்லோநைஃப் அறிக்கைக்குத் திரும்புகிறேன். வலது இன்ஜினின் 1-ஆம் சிலிண்டரில் ஏற்கெனவே இருந்த விரிசல் பெரிதாகி முறிந்தது, தீப்பிடித்தது. ஃபெதர் இயக்கப்பட்டது. பம்பின் பேரிங் இறுகியிருந்ததால் பிளேடுகள் முழுக் கோணத்துக்குப் போகவில்லை என்பதே விசாரணையாளர்கள் கண்ட சாத்தியமான காரணம். விமானம் அனுமதித்த எடையை மீறியும் இருந்தது. சிலிண்டர் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் வளரும், அதை முழுதாகத் தடுக்க முடியாது. எடையையும் பம்பையும் கிளம்புமுன்பே சரிபார்த்திருக்கலாம்.

வழக்கமான ரன்-அப்பில் ஃபெதர் பட்டனை ஒரு கணம் அழுத்துகிறோம், சுற்று 200, 300 விழுகிறது, ஆம்மீட்டர் முள் துள்ளுகிறது, பட்டனை வெளியே இழுத்துவிடுகிறோம். அந்தச் சோதனை பம்ப் சுற்றுகிறது என்பதைச் சொல்லும். 88 டிகிரி வரை கொண்டுபோய் நிறுத்தும் வரை தாக்குப்பிடிக்கும் என்று சொல்லாது. என்னைக் கேட்டால் பெரிய பராமரிப்பு ஒவ்வொன்றின் முடிவிலும் தரையில், குறைந்த சுற்றில், முழு ஃபெதர் செய்து பார்க்க வேண்டும். எத்தனை விநாடி எடுத்தது, ஆம்மீட்டர் எவ்வளவு காட்டியது, பட்டன் தானாக வெளியே வந்ததா என்ற மூன்றையும் இரண்டு இன்ஜினுக்கும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரு தடவை எழுதினால் அது வெறும் எண். ஐந்தாறு தடவை எழுதினால் எந்தப் பம்ப் மெதுவாகிக்கொண்டு வருகிறது, எது முன்பைவிட அதிக மின்சாரம் இழுக்கிறது என்பது தாளிலேயே தெரியும். இறுகத் தொடங்கும் பேரிங் பெரும்பாலும் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பம்பிலிருந்து கவர்னருக்குப் போகும் ரப்பர் குழாயையும் அதே கையோடு தடவிப் பார்க்க வேண்டும். ஒதுக்கி வைத்த ஆயில் டாங்கில் இருந்தும், அந்தக் குழாய் வெடித்தால் ஒரு சொட்டும் டோமுக்குப் போய்ச் சேராது.

குளிர்ப் பிரதேசத்தில் இன்னொரு தொல்லை. டோமுக்குள்ளும் குழாய்க்குள்ளும் கிடக்கும் ஆயில் முந்தைய இரவே கெட்டியாகிவிடும். இன்ஜின் சூடாகிவிட்டது என்று மீட்டர் சொன்னாலும் அந்தக் கெட்டி ஆயில் அங்கேயே இருக்கும். கிளம்புமுன் புரொப்பெல்லர் லீவரை முழுக்கப் பின்னுக்கும் முன்னுக்குமாக மூன்று முறையாவது அசைக்கச் சொல்வது இதற்காகத்தான். முதல் முறை சுற்று சோம்பலாக இறங்கும். மூன்றாவது முறை சட்டென்று இறங்கி, சட்டென்று ஏறினால் சூடான ஆயில் உள்ளே வந்துவிட்டது. இறங்கவில்லை என்றால் இன்னும் சில நிமிடம் ஓடவிட்டு, எண்ணெய் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டிய பிறகு மறுபடி அசைத்துப் பார்க்கலாம். அப்போதும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பதில் சொல்லவில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிட்டு, டோமைக் கழற்றச் சொல்லிவிட வேண்டும்.